வாலு எவ்வளவு உயரம்?

என் பெயர் கொசு. வாலு வைத்த பெயர். வயது பதினொன்று. இப்போது அப்பாவின் அறையில், கட்டிலுக்கும் துணி காயும் கம்பிக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். ஊருக்கு அனுப்புவதற்காக, நான் பேசப் பேச கைபேசி எழுதுகிறது. வேகமாகப் பேசினால் உளறுகிறது. அதனால் வகுப்பில் பாடம் வாசிப்பது போல நிறுத்தி நிறுத்திப் பேசுகிறேன்.

வாலு என் தங்கை. அவளும் அம்மாவும் ஊரில் அத்தை வீட்டில் இருக்கிறார்கள். நானும் அப்பாவும் இங்கே வந்து ஒன்றரை வருடம் ஆகிறது.

அப்பா கூரை பழுது பார்க்கிறவர். இனிமேல் ஏணியில் ஏறாமல், கேமரா வைத்த ட்ரோனைப் பறக்கவிட்டுக் கூரையைப் படம் எடுக்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமை முதலாளி முன்னால் ஒழுங்காக ஓட்டிக் காட்டினால் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். அப்புறம்தான் அம்மாவையும் வாலுவையும் கூப்பிட முடியும். அதற்குள் ட்ரோன் உடைந்துவிட்டால்?

போன ஞாயிறு காலை ஆள் இல்லாத மைதானத்துக்குப் போனோம். பயிற்சிப் புத்தகம் இந்த ஊர் மொழியில் இருந்தது. நான் வாசித்துச் சொன்னேன், அப்பா ஓட்டினார்.

ட்ரோன் 'ஙொய்ய்' என்று எழும்பியது.

"உன்ன மாதிரியே கத்துதுடா," என்றார் அப்பா.

திரையில் 1.2 மீட்டர் என்று வந்தது. முதல் பாடம், அந்த உயரத்தில் அப்படியே நிறுத்துவது.

"பாரு, நம்ம வாலு உயரம்!"

"அது முன்னாடிப்பா. இப்ப வளந்திருப்பா இல்ல?"

வீடியோவில் பேசும்போது வாலு எப்போதும் அம்மா மடியில்தான் இருப்பாள். அவள் நின்று நாங்கள் பார்த்ததே இல்லை.

முந்தின நாள் அவள் கேட்டிருந்தாள்: "மேல போனா நான் தெரிவேனாடா, கொசு?"

"நீ தெரிய மாட்ட. ஆனா நாங்க கை ஆட்டுறத உனக்குப் படம் புடிச்சு அனுப்புறேன்," என்று சொல்லியிருந்தேன்.

அந்த ஆசையில் நாங்கள் இரண்டாம் பாடத்தை விட்டுவிட்டோம். ட்ரோனை மேலே ஏற்றி, எங்களைப் பார்க்கும்படி திருப்பி, "வாலு! இங்க பாரு!" என்று கையை ஆட்டினோம்.

அப்போது காற்று அதை ஓரத்து மரத்தின் பக்கம் தள்ளியது. அப்பா இடது பக்கம் அழுத்தினார். அது வலது பக்கம், நேராக மரத்தைப் பார்த்துப் போனது. இன்னும் அழுத்தினார். இன்னும் வேகமாகப் போனது.

"என்னடா இது, சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது!"

எனக்கு முதல் பக்கத்தின் கடைசி வரி ஞாபகம் வந்தது.

"அப்பா, கைய எடுங்க!"

"விழுந்துரும்டா!"

"விழாது. எடுங்கப்பா!"

எடுத்தார். கிளைக்கு ஒரு முழம் முன்னால், காற்றில் ஆடியபடி, ட்ரோன் அப்படியே நின்றது.

"அது நம்மளப் பாத்துக்கிட்டு இருக்கு. அதான் இடது, வலது மாறிப் போச்சு. முதல்ல முதுகு நம்ம பக்கம் வர்ற மாதிரி திருப்புங்க."

மெல்லத் திருப்பி, மெல்ல இறக்கினார். இறக்கைகள் நிற்கும் வரை நாங்கள் மூச்சே விடவில்லை.

"நல்ல வேளை, நீ படிச்ச," என்றார் அப்பா.

"நல்ல வேளை, நீங்க என் பேச்சக் கேட்டீங்க."

வெள்ளிக்கிழமை முதலாளி முன்னால் காற்று இன்னும் பலமாக அடித்ததாம். அப்பா பதறாமல் கையை எடுத்தாராம். வேலை நிரந்தரம்! ஆனால் அம்மாவும் வாலுவும் இங்கே வந்து சேர இன்னும் ஏழெட்டு மாதம் ஆகுமாம்.

நாளை மறுபடியும் மைதானத்துக்குப் போகிறோம். நான் சொல்கிற உயரத்தில் ட்ரோனை நிறுத்திக் காட்டுவதாக அப்பா சொல்லியிருக்கிறார். தள்ளி நின்று, வாலு இப்போது எவ்வளவு உயரம் என்று பார்த்துக்கொள்வேன்.

அதனால் இதை வாசிப்பது அம்மாவோ அத்தையோ, யாராக இருந்தாலும் சரி, வாலுவைச் செருப்பில்லாமல் சுவரோரம் நிற்க வையுங்கள். குதிகாலைத் தூக்குவாள், விடாதீர்கள். தலைக்கு நேராகப் பென்சிலால் ஒரு கோடு போட்டு, எவ்வளவு உயரம் என்று எனக்குச் சொல்லி அனுப்புங்கள்.