நாலு மரப்பெட்டி, ஆறு இரும்புப்பெட்டி

சர்வேயரைத் தேடி வருகிறவர்கள் பொதுவாக நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அழுவார்கள். அன்று காலை வந்த பெண் உட்காரவும் இல்லை, அழவும் இல்லை. கொண்டுவந்த காகிதத்தை மேசையில் வைத்து, மின்விசிறிக் காற்றில் பறக்காதபடி அதன்மேல் விரலை ஊன்றிக்கொண்டாள்.

"என் தம்பி செத்து எட்டு நாள் ஆச்சு. அன்னிக்குக் கிரேன் ஓட்டினது என் வீட்டுக்காரர். அவர்தான் கொன்னாரா, இல்லையா? எனக்கு அது தெரியணும்."

நிலம் அளக்கும் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, துப்பு விசாரிக்கும் வேலைக்கு வந்தவர் சர்வேயர். வேலை மாறியும் பெயர் மாறவில்லை. அவருடைய தட்டச்சருக்கு 'அவசரம்' என்று யார் பெயர் வைத்தார்களோ தெரியாது. வைத்தவர் ஆளை நன்றாக அறிந்தவர். சர்வேயர் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் அவசரம் காகிதத்தை உருவிப் பாதி படித்துவிட்டார்.

"நடந்ததைச் சொல்லுங்கம்மா," என்றார் சர்வேயர்.

அவள் சொன்னாள். கணவன் துறைமுகச் சரக்கு முற்றத்தில் பதினொரு வருடமாகக் கிரேன் ஓட்டுகிறவர். அவளுடைய தம்பி கீழே நின்று கையசைத்து வழி சொல்கிறவன். தன் இரும்புக் கையை முழுதாக நீட்டினால் ஒன்றரை டன்தான் தாங்கும் அந்தக் கிரேன், ஓர் இரும்புப்பெட்டியைத் தூக்கியபோது குப்புறச் சாய்ந்தது. பெட்டி தண்ணீரில் விழுந்து சேற்றில் புதைந்தது. கிரேனின் கை தம்பியின் மேல் விழுந்தது.

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"அதைப் பத்தி வாயே திறக்கல. ஒவ்வொரு பெட்டியிலயும் எடையை சாக்பீஸால எழுதணும், அதுதான் அங்க வழக்கம். எழுதாத பெட்டியை அவர் தொடவே மாட்டார். அன்னிக்கு எழுதியிருந்துதான்னு கேட்டா சுவரைப் பாக்கறார். நாளைக்கு விசாரணை. தப்பு என்னுதுதான்னு கையெழுத்துப் போடப் போறேங்கறார். அம்மா எங்ககூடத்தான் இருக்காங்க. என் பிள்ளையை முழுங்கிட்டியேன்னு அவர் முகத்துக்கு நேரா சொல்றாங்க. நானும்... நானும் சொல்லிட்டேன்."

காகிதம், முற்றத்துப் பொறியாளர் எழுதிய அறிக்கையின் நகல். விபத்து நடந்த அன்றே, மாலை ஆறு மணிக்கு முத்திரை குத்தப்பட்டது. கிரேனில் பழுது எதுவும் இல்லை, எடைதான் அதிகம் என்றது அறிக்கை. தனிப்பெட்டியின் எடை அதுவரை யாருக்கும் தெரியாது, பெட்டியிலும் எதுவும் எழுதப்படவில்லை என்றது. ஆனால் அன்று வந்த இரண்டு லாரிகளின் எடைச்சீட்டுகள் கிரேன் ஓட்டுநரிடமே தரப்பட்டிருந்தன. முதல் லாரியில் நாலு மரப்பெட்டி, ஆறு இரும்புப்பெட்டி, வண்டி எடை போகச் சரக்கு பதினாறு டன். இரண்டாம் லாரியில் ஆறு மரம், ஒன்பது இரும்பு, இருபத்து நாலு டன். 'இவற்றிலிருந்து அணிக்கோவை முறைப்படி மரப்பெட்டி ஒரு டன், இரும்புப்பெட்டி இரண்டு டன் என்று கணக்கிட்டேன். ஓட்டுநரும் கணக்கிட்டிருந்தால் ஓர் உயிர் போயிருக்காது' என்று முடிந்தது.

அவசரம் விரல்விட்டு எண்ணினார். "நாலு ஒண்ணு நாலு, ஆறு ரெண்டு பன்னெண்டு, மொத்தம் பதினாறு. ஆறும் பதினெட்டும் இருபத்து நாலு. கணக்கு சுத்தமா இருக்கு சார். பாவம், இந்தம்மா வீட்டுக்காரருக்கு வழியே இல்ல."

"விடையை வச்சுச் சரிபார்த்தே, அவ்வளவுதான். விடை தெரியாதவன் அதை எப்படிக் கண்டுபிடிப்பான்? முதல்ல இருந்து போட்டுப் பாரு," என்றார் சர்வேயர். பிறகு அந்தப் பெண்ணிடம், "உங்க வீட்டுக்காரரை நாளைக்கு நான் சொல்ற வரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போட விடாதீங்கம்மா," என்றார்.

மதியம்வரை அவசரம் தட்டச்சு இயந்திரத்தைத் தொடவில்லை. கடைசியில் கசங்கிய நாலைந்து தாள்களோடு வந்து நின்றார்.

"எங்கேயோ சொதப்பறேன் சார். மூணு தடவை போட்டுட்டேன், குறுக்கே பெருக்கிக் கழிச்சா அணிக்கோவை சைபர்னே வருது. பள்ளிக்கூடத்துலயே எனக்கும் இதுக்கும் ஆகாது."

"நீ சொதப்பல," என்று சர்வேயர் எழுந்து செருப்பை மாட்டினார். "வா, எடைமேடைக்குப் போவோம்."

எடைமேடை எழுத்தர் கொட்டாவி விட்டபடியே அடிக்கட்டைப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார். அந்தத் தொழிற்சாலை ஓர் இயந்திரத்துக்கு இரண்டு மரம், மூன்று இரும்பு என்ற கணக்கில்தான் எப்போதும் பெட்டி கட்டி அனுப்பும். விபத்துக்கு மறுநாள் காலை எட்டு மணிக்கு மட்டும் ஒரு லாரியில் உதிரிப் பெட்டிகள் வந்தன. ஐந்து மரம், மூன்று இரும்பு, பதினொரு டன். அன்றே பெரிய கிரேன் வந்து மீதி எல்லாவற்றையும் கப்பலேற்றிவிட்டது, கப்பலும் போய்விட்டது. சர்வேயர் அந்தச் சீட்டுக்கு நகல் எழுதி வாங்கி மடித்துப் பையில் வைத்தார்.

மறுநாள் விசாரணை முற்றத்து அலுவலக அறையில் நடந்தது. ஜன்னலுக்கு வெளியே சாய்ந்த கிரேன் இன்னும் எடுக்கப்படாமல் கிடந்தது. விசாரணை அதிகாரியின் வலப்பக்கம் பொறியாளர் மடிப்புக் கலையாத சட்டையோடு உட்கார்ந்திருந்தார். எதிரே கிரேன் ஓட்டுநர் ஒன்பது நாள் தாடியோடு, தயாராக எழுதி வைத்திருந்த வாக்குமூலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி கதவோரம் நின்றாள். ஒரே பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் உட்கார அவளுக்கு இன்னும் மனம் வரவில்லை.

சர்வேயர் பொறியாளரிடம் பணிவாகத்தான் ஆரம்பித்தார்.

"இரும்புப்பெட்டி ரெண்டு டன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"விபத்துக்கு அப்புறம்தான். உக்காந்து கணக்குப் போட்டேன்."

"இந்த ரெண்டு சீட்டை வச்சா?"

"ரெண்டை மட்டும்தான்."

"தொழிற்சாலையைக் கேக்கலையா?"

"எதுக்கு? கணக்கே சொல்லிடுச்சே. பத்தாவது படிச்சவன்கூடப் போட்டுடுவான்." ஓட்டுநரின் பக்கம் ஒரு பார்வை வீசினார் பொறியாளர்.

"அப்ப இங்க ஒரு தடவை போட்டுக் காட்டுங்க."

பொறியாளர் தாளை இழுத்து விறுவிறுவென்று எழுதினார். மேல் வரிசையில் நாலு, ஆறு. கீழ் வரிசையில் ஆறு, ஒன்பது. நாலும் ஒன்பதும் பெருக்கினால் முப்பத்தாறு. குறுக்கே ஆறும் ஆறும் பெருக்கினால் அதுவும் முப்பத்தாறு. கழித்தார். பேனா நின்றுவிட்டது. அவர் கழுத்தில் வியர்வை அரும்பியதை முதலில் பார்த்தவர் அவசரம்தான்.

"என்ன வந்துது?" என்றார் அதிகாரி.

"சைபர் வந்திருக்கும்," என்றார் சர்வேயர். "அந்த எண்ணாலதான் வகுத்து விடை எடுக்கணும். சைபரால வகுக்க முடியாது. ஏன்னா ரெண்டு லாரியிலயும் ரெண்டு மரத்துக்கு மூணு இரும்புங்கற ஒரே விகிதத்துலதான் பெட்டி இருந்துது. ஒரே ஆள் ரெண்டு தடவை சாட்சி சொன்ன மாதிரி. ரெண்டு மரமும் மூணு இரும்பும் சேர்ந்து எட்டு டன், அதுக்கு மேல அந்தச் சீட்டுக்கு எதுவும் தெரியாது. இரும்பு ஒரு டன், மரம் ரெண்டரை டன்னு வச்சுப் பாருங்க, அதுவும் பொருந்தும். இந்தச் சீட்டை வச்சு ஓட்டுநர் மட்டுமில்ல, யாராலயும் பெட்டியோட எடையைக் கண்டுபிடிச்சிருக்க முடியாது."

பொறியாளர் தொண்டையைச் செருமினார். "சரி, ஒரு ஊகம்தான். ஊகிக்கறது குத்தமா?"

"இல்ல. ஊகமா இருந்தா நானும் போனாப் போகட்டும்னு விட்டிருப்பேன்." சர்வேயர் பையிலிருந்த நகலை மேசையில் விரித்தார். "இது மறுநாள் வந்த லாரி. அஞ்சு மரம், மூணு இரும்பு, பதினொரு டன். முதல் சீட்டையும் இதையும் சேர்த்துப் போட்டா, நாலு மூணு பன்னெண்டு, ஆறு அஞ்சு முப்பது, கழிச்சா மைனஸ் பதினெட்டு. இப்ப வகுக்கலாம். மர நெடுவரிசையில பதினாறு, பதினொண்ணுங்கற எடைகளை வச்சுக் கழிச்சா மைனஸ் பதினெட்டு, வகுத்தா ஒண்ணு. இரும்பு நெடுவரிசையில வச்சா மைனஸ் முப்பத்தாறு, வகுத்தா ரெண்டு. மரம் ஒரு டன், இரும்பு ரெண்டு டன். நீங்க எழுதின அதே விடை. ஆயிரம் விடை பொருந்தற இடத்துல, இந்தச் சீட்டு பிறக்கறதுக்கு முந்தின நாளே, சரியான ஒண்ணை எழுதி முத்திரை குத்தியிருக்கீங்க. பொய்யா ஒரு எடையை எழுதியிருந்தா இன்னிக்கு உங்களை யாரும் பிடிச்சிருக்க முடியாது. உண்மையை எழுதி மாட்டிக்கிட்டீங்க. அந்த எடை உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

பொறியாளர் கர்ச்சீப்பைத் தேடினார், கிடைக்கவில்லை.

"தொழிற்சாலைக் காகிதம் காலையிலயே வந்துது," என்றார் கடைசியில். "பெரிய கிரேன் மறுநாள்தான் வரும்னாங்க. ஒரு பெட்டியாவது ஏறலைன்னா என் வேலைக்கு வேட்டு வச்சிருப்பாங்க. கொஞ்சம் கூடுதல்தானே, தாங்கிடும்னு... அப்புறம் எடைதான் காரணம்னு எழுதலைன்னா, கிரேன் பராமரிப்பு சரியில்லன்னு என் தலையில விடிஞ்சிருக்கும்."

"பெட்டியில எதுவும் எழுதலையா?" என்று கேட்டார் அதிகாரி.

"எழுதாம அவர் தூக்க மாட்டாரே." பொறியாளர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "நான் எழுதல. கீழ நிக்கறவன்கிட்ட சாக்பீஸைக் கொடுத்து, ஒரு டன்னு எழுதச் சொன்னேன். அவன் சிரிச்சுக்கிட்டே எழுதினான்."

கதவோரம் நின்றவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். தன் சாவை இறந்தவன் தன் கையாலேயே எழுதியிருந்தான். சர்வேயர்கூட இதை எதிர்பார்க்கவில்லை. அவர் மெல்லக் கிரேன் ஓட்டுநரின் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு அந்த எழுத்து தெரியும், இல்லையா?"

ஒன்பது நாளில் முதல்முறையாக அந்த மனிதர் அதைப் பற்றி வாய் திறந்தார்.

"மச்சான் எழுத்து எனக்குத் தெரியாதா? அதை நம்பித்தான் தூக்கினேன். கிரேன் சாஞ்சதும், இவன் தப்பா எழுதிட்டான்னு நினைச்சேன். பெட்டி தண்ணியில போச்சு, எழுத்தும் போச்சு. அவனே எழுதினான், அவனே செத்தான்னு ஊர் பேசினா அத்தை தாங்குவாங்களா? எப்படியும் லீவரை இழுத்தது என் கை. அந்தப் பழி என்னோடயே போகட்டும்னு விட்டுட்டேன்."

அவசரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தவரின் கையைச் சர்வேயர் அழுத்திப் பிடித்தார்.

அவள் நடந்து வந்து பெஞ்சில் கணவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நான் பேசினதையெல்லாம் கேட்டுக்கிட்டு சும்மாவா இருந்தீங்க?"

"நீ பேசினது அவனுக்காகத்தானே."

அவள் அப்போதுதான் அழுதாள். சத்தமாக, யார் இருக்கிறார்கள் என்று பாராமல், ஒன்பது நாளைக்கும் சேர்த்து அழுதாள். ஓய்ந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எழுந்திருங்க. வீட்டுக்குப் போவோம். அம்மா கேப்பாங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், நான் சொல்றேன்."