கடைசியாய் வந்தவர் காக்கும் வாயில்

முழுநிலவு வெண்ணாவல் கோட்டையின் மதிலுக்கு மேல் எழும்பி, கடலை நோக்கி விரிந்து சென்ற ஆற்றின் நீர்ப்பரப்பெங்கும் வெள்ளியை உருக்கி வார்த்துக்கொண்டிருந்த அந்த அந்திப் பொழுதில், ஆற்றுவாயிலின் தலைவன் சாத்தன் பூதி மட்டும் நிலவைப் பார்க்கவில்லை. கழிமுகத்திலிருந்து துடுப்புத் தள்ளி விரைந்து வரும் படகுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவற்றுக்குப் பின்னால் தொலைவில் ஓர் ஊர் எரிந்துகொண்டிருந்தது.

வாசக அன்பர்கள் இந்தக் கோட்டையின் விசித்திரமான வழக்கத்தை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். வெள்ளமும் பகையும் முதலில் வந்து மோதும் ஆற்றுவாயிலின் காவலை, ஊருக்குக் கடைசியாய்க் குடியேறியவர்கள் தலையில் கட்டிவிடுவார்கள். ஒரு காலத்தில் உப்பு வணிகர் காத்தார்கள். நெசவாளர் வந்ததும் உப்பு வணிகர் உள்கோட்டைக்குப் போய், நெசவாளரைக் கண்டு மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பிறகு வடக்கேயிருந்து குதிரைக்காரர் வந்தார்கள். மூக்கைப் பொத்துவது நெசவாளர் முறையாயிற்று! நமது சாத்தன் குதிரைக்காரர் குலத்தவன். பெயரும் பேச்சும் தமிழாகிவிட்டன. ஏச்சு மட்டும் நிற்கவில்லை. உள்கோட்டையில் ஒரு வீடு என்பது அவன் வாழ்நாள் கனவு.

"கதவைத் திறந்துவிடாதே, மருமகனே!" என்று மதில்மேலிருந்து கத்தினார் அவனுடைய தாய்மாமன் வல்லபர். "மீன் நாற்றம் இங்கே வரைக்கும் வருகிறது! இவர்கள் பேசுவது மனிதப் பேச்சா, நாரைக் கூச்சலா?"

"இவர்கள் வந்தால் வாயில்காவல் நம்மை விட்டு நீங்குமே, மாமா!"

"அதற்கு வேறு நல்ல குலத்தாராக வரட்டும்!"

சாத்தனுக்கும் வந்தவர்கள்மேல் இரக்கத்தைவிட எரிச்சலே அதிகமாயிருந்தது என்பதை மறைப்பானேன்? தவிர, அனுமதியின்றி வாயிலைத் திறப்பவன் தலை தப்பாது என்பது கோட்டையை ஆளும் அரையரின் கட்டளை.

முன்படகில் தீவர்த்தியுடன் நின்ற பெண்ணொருத்தி, தட்டுத் தடுமாறிய தமிழில் குரல் கொடுத்தாள்.

"வாயில் தலைவரே! என் பெயர் சுமேதை. கொள்ளையர் எங்கள் ஊரைக் கொளுத்திவிட்டுப் பின்தொடர்கிறார்கள். குழந்தைகளையும் முதியோரையும் மட்டும் உள்ளே விடுங்கள். நாங்கள் வெளியிலேயே நிற்கிறோம்."

"நின்று என்ன செய்வீர்கள்?"

"உங்கள் வாயிலைக் காப்போம்."

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. படகுகள் கரையிலிருந்து கரைவரை குறுக்கே நின்றன. கயிறுகள் அவற்றைப் பிணைத்தன. குழந்தைகளைத் தோளில் சுமந்தவாறு அனைவரும் படித்துறையில் குதித்தார்கள். ஆற்று வளைவில் கொள்ளையரின் பாய்கள் தோன்றிய அதே கணத்தில், சுமேதை தீவர்த்தியைத் தன் சொந்தப் படகின்மேல் வீசினாள். அவர்களுக்கு மிஞ்சிய ஒரே வீடும், திரும்பிப் போகும் ஒரே வழியும் அந்தப் படகுகள்தாம். அவை ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றி, ஆற்றின் குறுக்கே நெருப்பு மதிலாக எழுந்தன. சாத்தனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தகைய மனிதர்களைப் பார்த்தா எரிச்சல் கொண்டோம் என்று அவன் வெட்கிப்போனான்.

"கதவைத் திறவுங்கள்!" என்று முழங்கினான்.

கூட்டம் உள்ளே பாய்ந்தது. யாரோ ஒருத்தி, அழும் குழந்தையை, மதிலிலிருந்து இறங்கி வந்த வல்லபர் கையில் திணித்துவிட்டு அடுத்ததை எடுக்க ஓடினாள். மூக்கைப் பொத்த அவருக்குக் கை ஒழியவில்லை. சற்று நேரத்தில் தாலாட்டவே தொடங்கிவிட்டார். நெருப்பைத் தாண்ட மாட்டாமல் கொள்ளையர் திரும்பிப் போனார்கள்.

அப்போது குதிரைமேல் வந்து சேர்ந்தார் கோட்டையின் அதிபர், முதிய விடுகாத அரையர்.

"சாத்தா! உள்கோட்டை வீட்டுக்கு ஆசைப்பட்டுத்தானே திறந்தாய்?"

சாத்தன் உடைவாளை உருவி அவர் காலடியில் வைத்தான். "தலையை எடுத்துக்கொள்ளுங்கள், பிரபு. விட்டுவைத்தால் ஒரு சபதம் செய்கிறேன். வாயில்காவல், புதிதாய் வந்தவர்களுக்கு விதிக்கும் தண்டனையாக இருக்கும்வரை, நானும் என் சந்ததியும் உள்ளே குடியேற மாட்டோம். இவர்களோடு இங்கேயே நிற்போம்!"

சுமேதையின் கண்கள் நிறைந்தன. அரையர் எரியும் படகுகளை நெடுநேரம் பார்த்தார். பிறகு குதிரையிலிருந்து இறங்கி, காவலன் ஒருவனிடமிருந்து வேல் ஒன்றை வாங்கிக்கொண்டார்.

"அரண்மனையில் யாரும் வாய்திறந்து சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இந்த வாயிலை முதன்முதலில் காத்தவர் என் பாட்டனுக்குப் பாட்டன். அவரும் இப்படித்தான், ஊரை இழந்து படகில் வந்தார். அவருக்குத் தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்கவும் இந்த ஊரில் ஆளில்லை."

அரையர் சாத்தன் பக்கம் திரும்பினார்.

"வாளை எடுத்துக்கொள், சாத்தா. இந்தப் பெண்ணை அழைத்துப் போய் உணவளித்து உறங்கச் சொல். நீ நிற்க வேண்டியது நாளைக்கு. இன்றிரவுக் காவல் என் குலத்தின் முறை!"