ரத்தம் வராத காயம்

அவரைக் கொசு கடிக்கவில்லை என்பதைத்தான் லோகநாயகி முதலில் கவனித்தாள்.

சேக்காட்டில் பொழுது சாய்ந்தால் கொசு மேகமாக வரும். ஏரிப் பக்கத்து ஈரக்காற்றோடும் மூடாத கால்வாயின் நாற்றத்தோடும் சேர்ந்து, ஜன்னல் வலையில் எந்தக் கிழிசல் வழியாகவோ நுழைந்து, காதோரம் ரீங்கரித்து, புடவை மறைக்காத இடமெல்லாம் ஊசி போடும். அன்றும் அவள் முழங்கையைச் சொறிந்து சொறிந்து சிவக்க வைத்திருந்தாள். எதிர் நாற்காலியில் பக்தவத்சலம் சட்டை போடாமல் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவர்மேல் ஒன்றுகூட உட்காரவில்லை. ஒரே ஒரு கொசு அவர் தோளை நோக்கிப் போனது. கிட்டே போய், ஏதோ நினைத்துக்கொண்டதுபோல் திரும்பி இவளிடமே வந்தது.

கொசுவுக்கு மாத்திரை வாசனை ஆகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த வாரம் அது. தொழிற்சாலை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை ஆட்டோவில் போட்டுத் தூக்கிப் போயிருந்தார்கள். இதயத்தின் பெரிய ரத்தக்குழாயில் முக்கால்வாசிக்கும் மேல் அடைப்பு. மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை விட்டு, பலூனால் அடைப்பை விரித்து, ஸ்டென்ட் வைத்தார்கள். வெளியே வந்த டாக்டரின் நெற்றியெல்லாம் வியர்வை. "நடுவுல கொஞ்ச நேரம் இதயம் நின்னுடுச்சும்மா. ஷாக் குடுத்துக் கொண்டாந்துட்டோம். இனிமே பயமில்ல" என்றார். அவள் அவர் காலில் விழாத குறை. வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, "இது ரெண்டும் ரத்தம் உறையாம இருக்க. சின்னதாக் கீறினாக்கூட ரத்தம் நிக்க நேரமாகும், பார்த்துக்குங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

அதனால்தான் வெள்ளிக்கிழமை காலை, சவரம் செய்துகொண்டிருந்தவர் "ஸ்ஸ்" என்றதும், லோகநாயகி அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் பஞ்சோடு ஓடினாள்.

தாடைக்குக் கீழே ஒரு விரற்கடை நீளத்துக்கு வெட்டு. ஆழமான வெட்டுதான். தோல் இரண்டாகப் பிரிந்து விலகியிருந்தது. உள்ளே நறுக்கின வாழைத்தண்டுபோல் வெளுப்பாகத் தெரிந்தது. பஞ்சை வைத்து அழுத்தினாள். எடுத்துப் பார்த்தாள். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

"இன்னா லோகா, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

"ரத்தம் வரலைங்க."

"நல்லதாப் போச்சு. அந்த நர்ஸு இன்னா பில்டப்பு குடுத்தா! ஒரு சொட்டு வரல பாரு. மாத்திரையெல்லாம் டுபாக்கூரு." கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார். சிரித்தபோது வெட்டு இன்னும் கொஞ்சம் வாயைத் திறந்தது.

அவர் தாடையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன. குளித்துவிட்டு வந்தவர்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். பிறகுதான், அவர் இன்னும் குளிக்கப் போகவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

அன்று மதியம் அவர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து ரத்த அழுத்தம் பார்க்கிற மிஷினைக் கொண்டுவந்து கையில் பட்டையைச் சுற்றினாள். அது உறுமி, ஊதி, இறுக்கி, பெருமூச்சு விட்டது. எண் எதுவும் வரவில்லை. பிழை என்பதற்கான ஓர் எழுத்து மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. பேட்டரி மாற்றினாள். அதே எழுத்து. பட்டையைத் தன் கையில் சுற்றினாள். எண்கள் வந்தன. அவளுடைய நாடி ஓட்டமாய் ஓடிக்கொண்டிருந்தது.

ஓசூரில் வேலை பார்க்கும் மகன் எழிலைக் கூப்பிட்டாள். அவன் வீடியோவில் அப்பாவைப் பார்த்தான். அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். "நல்லாத்தானேம்மா இருக்காரு? நீதான் தூங்காம எதையாவது நெனச்சுக்கற" என்றான். ஆஸ்பத்திரி எண்ணில் பேசிய பெண், நெஞ்சு வலி இருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று கேட்டாள். இரண்டும் இல்லை. "அப்போ திங்கக்கிழமை செக்கப்புக்கு வந்தாப் போதும் மேடம்" என்று வைத்துவிட்டாள். 'அவருக்கு நாடி இல்லை' என்று சொல்ல நினைத்தாள். பேசிச் சிரிக்கிற, ரசத்தில் உப்புக் குறைச்சல் என்கிற ஆளைப் பற்றி அதை எந்த வாயால் சொல்வது?

ராத்திரிகளில் பக்கத்தில் படுத்து இருட்டில் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். கடைசி ரயில் பட்டாபிராம் பக்கம் போய் ஓய்ந்தது. தெருநாய்கள் அடங்கின. மின்விசிறியின் கடகடப்பு. குளியலறையில் குழாய்ச் சொட்டு. இருபத்தெட்டு வருஷம் வீட்டையே அறுக்கிறாற்போல் குறட்டை விட்ட மனிதரிடமிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை. அறையில் ஒரு வாசனை. பூஜையறைத் தட்டில் மறந்துபோன பூ, தண்ணீரிலேயே கிடந்து அழுகினாற்போல.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டாவது மாடி வீட்டு ஷர்மிளாவைக் கையோடு அழைத்து வந்தாள். அம்பத்தூரில் ஒரு கிளினிக்கில் நர்ஸ் அந்தப் பெண்.

"வாம்மா, வா. உங்க ஆன்ட்டிக்கு என்மேல டவுட்டு" என்று மார்பைக் காட்டினார் பக்தவத்சலம்.

ஷர்மிளா சிரித்துக்கொண்டே ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள். சிரிப்பு அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் மாறின. இடத்தை மாற்றி வைத்தாள். இன்னும் கொஞ்சம் கீழே. முதுகில். குழாயைக் கழற்றி ஊதிவிட்டு, தன் மார்பில் வைத்துக் கேட்டாள். மறுபடியும் அவர் மார்பில். பிறகு இரண்டு விரல்களை அவர் கழுத்தில் வைத்தாள். எடுக்கவே இல்லை.

"இன்னாம்மா? ஓடுதா?"

"ஓடுது அங்கிள்." ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டிக்கொண்டாள்.

வாசலுக்கு வெளியே வந்ததும் லோகநாயகியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "ஆன்ட்டி, நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன். அதுவரைக்கும் நீங்க அவரோட தனியா இருக்காதீங்க. ப்ளீஸ்." படியிறங்கி ஓடினாள். செருப்பு வாசலிலேயே கிடந்தது.

லோகநாயகி உள்ளே திரும்பினாள். அவர் எழுந்து நின்றிருந்தார். மெதுவாக அவளைத் தாண்டிப் போய் இரும்புக் கதவைச் சாத்தினார். மரக்கதவைச் சாத்தினார். மேல் தாழ்ப்பாள். கீழ்த் தாழ்ப்பாள்.

"யாரு வந்தாலும் தொறக்காத."

"ஏங்க..."

"மறுபடியும் அந்த டேபிள்ல படுக்க மாட்டேன் லோகா. வெளக்க நிறுத்திட்டு எல்லாரும் போய்ட்டாங்க. நான் மட்டும் கெடந்தேன். ரொம்ப நேரம். ரொம்பக் குளிரு." குழந்தைபோல் உதடு பிதுங்கியது. "அதுலருந்து உள்ள ஒண்ணுமே கேக்கல எனக்கு. நீ கேட்டுச் சொல்லு."

படுக்கையறையில் போய் மல்லாந்து படுத்தார். அவளுக்கு ஓடத் தோன்றியது. ஆனால் அது அவளுடைய புருஷன். பயந்துபோன புருஷன். பக்கத்தில் உட்கார்ந்து காதை அவர் மார்பில் வைத்தாள். பூட்டிக் கிடக்கிற வீட்டின் சுவரில் காது வைத்ததுபோல் இருந்தது.

"கேக்குதா?"

"கேக்குது."

"பொய் சொல்ற." அவர் கண்கள் கலங்கவில்லை. கலங்குவதற்கு அவற்றில் ஈரம் இல்லை.

என்ன செய்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. வலது கையின் இரண்டு விரல்களை அவருடைய இடது மார்பில் வைத்து மெல்லத் தட்டினாள். லப் டப். குழந்தையைத் தூங்கவைப்பதுபோல. லப் டப்.

"ஆங்" என்றார். முகம் மலர்ந்தது. "இப்ப கேக்குது." கன்னத்தில் லேசாகச் சூடு ஏறியது. அவருடைய இடது கை வந்து அவளுடைய இடது கையைப் பற்றிக்கொண்டது. இறுக்கமான பிடி.

தட்டினாள். ஜன்னலில் வெளிச்சம் மஞ்சளாகி, பழுப்பானது. விரல் மரத்தது. ஒரு கணம் நிறுத்தினாள்.

அவர் வாய் தொங்கியது. உதடு நீலமானது. பாதி மூடிய இமைக்குள் கண் மேலே செருகியது. வாசனை குப்பென்று எழுந்தது.

அலறிக்கொண்டு தட்டினாள். வாய் மூடியது. கண் திரும்பி வந்து அவளைப் பார்த்தது.

"எங்க போன?" என்றார்.

"எங்கயும் போகலைங்க. இங்கதான் இருக்கேன்."

கீழே ஆம்புலன்ஸ் வந்து நின்றது. படிகளில் காலடிகள். அழைப்பு மணி. இரும்புக் கதவு குலுங்கியது. "ஆன்ட்டி! கதவத் தொறங்க!" ஷர்மிளாவின் குரல். பின்னால் ஆண் குரல்கள். "யாருனா உள்ள கீறீங்களா?"

"கதவ ஒடைங்க!" என்று கத்தப் பார்த்தாள். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. இடது கையை உருவப் பார்த்தாள். பிடி தளரவில்லை. வலது கையை எடுக்க முடியாது.

லப் டப்.

தோளிலிருந்து விரல் நுனிவரை நெருப்பாய் எரிந்தது. கதவில் எதையோ கொண்டு இடித்தார்கள். தாழ்ப்பாள்கள் அசையவில்லை. அவரே பார்த்துப் பார்த்துப் போட்டவை.

லப்.

டப்.

அப்போதுதான் சுவரைப் பார்த்தாள். ஜன்னல் மூலையிலிருந்து மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று இறங்கி வந்துகொண்டிருந்தது. கட்டிலின் கால். மெத்தையின் விளிம்பு. தலையணை. எறும்புகள்.

முதல் வரிசை தாடைக்குக் கீழே திறந்து கிடந்த வெட்டுக்குள் இறங்கியது. ஒன்றன்பின் ஒன்றாக. அவசரமே இல்லாமல்.

ஊதினாள். அவை நிற்கவில்லை. தட்டிக்கொண்டே அழுதாள்.

"ஏன் அழுவற? அதான் ஓடுதே" என்றார் பக்தவத்சலம், அவள் முகத்தையே பார்த்தபடி.

வரிசையை விட்டுப் பிரிந்த ஓர் எறும்பு அவர் கன்னத்தில் ஏறியது. இமையைத் தாண்டியது. திறந்திருந்த கண்ணின் மேல், கருவிழியின் குறுக்காக, நிதானமாக நடந்து போனது. அவர் இமைக்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார்.