சர்க்கரை அலமாரியின் சாவி

கழுத்துக் கயிற்றில் ஒரு சாவி ஆட, கிரேன் ஓட்டுநர் ரிப்போர்ட்டம்மா வீட்டுக்குள் வந்தார். புத்தம்புது ஆரஞ்சு நிறச் சீருடை. ஒரு கையில் மூக்குக் கண்ணாடியும் பஸ் பாஸும், மறுகையில் கழுவாத சாப்பாட்டு டப்பா. பின்னால் வந்த மனைவி வாசலோடு நின்றுவிட்டாள். முகம் உர்ரென்று இருந்தது.

"ரிப்போர்ட்டம்மா, என் சாப்பாட்டுல சர்க்கரை கலக்குறாங்க."

முப்பது வருடம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவருக்குத் தெரு வைத்த பெயர் அது. அவர் கணவர், ஓய்வுபெற்ற தட்டச்சு ஆசிரியர், துப்புத் துலக்கும் வேலை என்றதும் நோட்டுப் புத்தகத்தோடு ஓடி வந்தார்.

"கலக்குறாங்கன்னு ஏன் சுத்தி வளைக்கணும்? வீட்டுல நாம ரெண்டே பேருதான்," என்றாள் மனைவி. "அம்மா, சர்க்கரை டப்பாவை அலமாரியில பூட்டிட்டாரு. செவ்வாய்க்கிழமையிலேருந்து கசப்பு டீ குடிக்கிறேன்."

"வர்ற வெள்ளிக்கிழமை எனக்கு மருத்துவச் சோதனை," என்றார் ஓட்டுநர். "சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துல ரத்தத்துல சர்க்கரை நூத்தியெண்பதுக்கு மேல காட்டினா கிரேன்லேருந்து இறக்கி குடோன்ல உட்கார வச்சுடுவாங்க. டாக்டர் தினம் ரெண்டு அவிச்ச முட்டை சேர்த்துக்கச் சொன்னாரு. சேர்த்துக்கிட்டேன். மூணு வாரம் நூத்தியறுபதைத் தாண்டல. இந்தத் திங்களிலேருந்து இருநூத்திப்பத்து! அதே சோறு, அதே முட்டை, அதே மாத்திரை."

"மீட்டர் கோளாறு!" என்றார் தட்டச்சு ஆசிரியர்.

"ரெண்டு மீட்டர்ல பார்த்தாச்சுங்க."

"அப்போ குழம்புல வெல்லம்..." ஓட்டுநரின் மனைவியின் பார்வை பட்டதும் அவர் பேனாவை மூடிக்கொண்டார்.

ரிப்போர்ட்டம்மா டப்பாவைத் திறந்தார். அடியில் காய்ந்த குழம்புத் தீற்றலும் நாலைந்து சோற்றுப் பருக்கைகளும். அவற்றின்மேல் முட்டை ஓடுகள்.

"எப்பவும் இப்படி வழிச்சுத்தான் சாப்பிடுவாரா?"

"எங்க? கால்வாசி மிச்சம் வரும். இந்த வாரம் பத்தலைன்னு சண்டை. ஒரே நிம்மதி, துவைக்கும்போது சட்டைப் பையிலேருந்து முட்டை ஓடு பொறுக்குற வேலை விட்டுது."

"இந்தச் சீருடை எப்போ கொடுத்தாங்க?"

"திங்கக்கிழமை," என்றார் ஓட்டுநர். "உயரத்துலேருந்து எதுவும் விழக்கூடாதுன்னு பாக்கெட்டே வைக்கல. சனியன், கண்ணாடி வைக்கக்கூட இடமில்ல."

"அதுதான் குற்றவாளி."

ரிப்போர்ட்டம்மா சீருடையைச் சுட்டிக்காட்டினார். ஓட்டுநர் குனிந்து பார்த்தார்.

"முன்னாடி முட்டையைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு மேல ஏறுவீங்க. எப்போ சாப்பிடுவீங்க?"

"பன்னெண்டு மணிக்கு, சும்மா கொறிப்பேன். பன்னெண்டரைக்குச் சங்கு ஊதும். இறங்கிச் சோறு."

"இப்போ முட்டை டப்பாவுல போகுது. ஓடு பருக்கைக்கு மேல கிடக்கு. அப்படின்னா கடைசியிலதான் உரிச்சிருக்கீங்க."

ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். "பிடிச்சதைக் கடைசிக்கு வச்சுக்குற பழக்கம்... வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதானேம்மா?"

"இல்ல. முட்டைல இருக்குற புரதம் முன்னாடியே போனா, பின்னாடி வர்ற சோறு இரைப்பையை விட்டு மெதுவாத்தான் இறங்கும். இன்சுலினும் முன்கூட்டியே தயாராகும். சர்க்கரை ஒரேயடியா ஏறாது. பசியும் அடங்கும், அதான் கால்வாசி மிச்சம். மூணு வாரம் உங்களைக் காப்பாத்தினது அந்தப் பாக்கெட். உங்களுக்கே தெரியல. நான் சொல்றதை நம்ப வேண்டாம். நாளைக்கு வீட்டுல அதே சாப்பாடு. முட்டை மட்டும் அரை மணி முன்னாடி."

மறுநாள் மாலை இருவரும் திரும்பி வந்தார்கள். ஓட்டுநர் மீட்டரை நீட்டினார். நூற்று அறுபத்தெட்டு.

"சோறும் மிச்சம்," என்றாள் மனைவி, யாரையும் பார்க்காமல்.

"கேவலம், ஒரு பாக்கெட்டு..." ஓட்டுநருக்குத் தன்மேலேயே ஆத்திரம் தாங்கவில்லை. "அதுக்காகவா அஞ்சு நாள் இவளை..."

"இடுப்புல கட்டுற பை ஒண்ணு தைச்சுத் தர்றேன், விழாத மாதிரி. மேலதிகாரிகிட்ட நீங்களே காட்டி அனுமதி வாங்குங்க," என்றாள் அவள்.

அவர் கழுத்துக் கயிற்றைக் கழற்றிச் சாவியை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"நீங்களே போய்த் திறங்க. ரெண்டு ஸ்பூன் போட்டு எனக்கு ஒரு டீ வைங்க. நான் பின்னாடி வர்றேன்."