அடுத்த வீட்டுக் கிளி

அவளுடைய குரலில் கிளி பேசியதை முதன்முதலாகக் கேட்டபோது அவள் வாய் நிறையக் குண்டூசி இருந்தது.

பள்ளிச் சீருடைப் பாவாடை ஒன்றுக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். தைப்பவர்களுக்கு வாய்தான் ஊசிப்பெட்டி. உதடுகளுக்கு நடுவே வரிசையாகக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் குத்திக்கொண்டே போவார்கள். அந்த நேரத்தில் வீடே பற்றி எரிந்தாலும் 'ம்' என்பதற்கு மேல் ஒன்றும் வராது. சூடான இஸ்திரிப்பெட்டியின் வாசனையும் மெஷின் எண்ணெயின் வாசனையும் அறைக்குள் தேங்கி நிற்க, பின்பக்க ஜன்னலுக்கு வெளியே எலுமிச்சை மரத்தின் மேல் சாயங்கால வெயில் படிந்திருக்க, இரண்டு வீட்டுத் தோட்டங்களையும் பிரிக்கும் நெஞ்சளவுச் சுவரின் மேலிருந்து, "பாப்பா... வா பாப்பா" என்று அவள் குரல் கூப்பிட்டது.

எட்டிப் பார்த்தாள். சுவரில் அடுத்த வீட்டுக் கண்டக்டரின் கிளி தலையைச் சாய்த்து நின்றது. பிறகு அதே கிளி, சவர மெஷின் ஓடுவதுபோலக் கரகரவென்று, "போகாத, போகாத" என்றது. அது கண்டக்டரின் குரல்.

மகள் தோட்டத்திலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தாள். ஆறு வயது. முழங்காலெல்லாம் மண்.

"கூப்ட்டியே, எங்கம்மா ஒளிஞ்சிருந்த? மரத்துக்குப் பின்னாடியும் காணோம்."

"ம்" என்றாள் அவள், ஊசிகளுக்கு இடையில். கிளி சுவரில் அல்லவா இருந்தது, இவள் ஏன் மரத்தடியில் தேடினாள் என்று அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள்.

கண்டக்டர் என்றால் பழைய பஸ் கண்டக்டர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் தொண்டையில் ஆபரேஷன், குரல் போய்விட்டது. பேச வேண்டுமானால் கைக்கு அடக்கமான ஒரு கருவியைத் தொண்டையில் வைத்து அழுத்துவார். ஏற்ற இறக்கமில்லாத ஒரு கரகரப்பு வரும். மகள் அவருக்கு வைத்த பெயர் மெஷின் தாத்தா. தனியாக இருந்தார். துணைக்கு அந்தக் கிளி. அவர் சொன்னதையெல்லாம் கரகரவென்றே கற்றுக்கொண்டு, "இறங்கறவங்க முன்னாடி வா" என்று நாளெல்லாம் யாரையோ இறக்கிவிட்டுக்கொண்டிருக்கும்.

சண்டைக்குக் காரணம் கிளியின் பேச்சு இல்லை, அதன் மூக்கு. சுவரைத் தாண்டி வந்து கொடியில் காயும் சட்டைகளின் பித்தான்களைக் கடித்துப் பிடுங்கிக்கொண்டு போகும். தைத்து, துவைத்து, தேய்க்க எடுத்தால் பித்தான் இருக்காது. அவள் போய்ச் சொல்வாள். கண்டக்டர் கருவியை எடுத்து, "மன்னிச்சுக்கம்மா" என்பார். அடுத்த நாள் பித்தான்களைப் பொறுக்கி ஒரு தீப்பெட்டியில் போட்டுச் சுவர் வழியாக நீட்டுவார். அதற்கடுத்த நாள் மறுபடியும் பித்தான் போகும். அந்தக் கிளிக்கு மானம் ரோஷம் எதுவும் கிடையாது.

ஆனாலும் அவளுக்குப் பெரிதாகக் கோபம் வந்ததில்லை. போன வருஷம் கணவன் செத்ததிலிருந்து எதுவுமே பெரிதாக வருவதில்லை. "அழுதுடுடி, அழுதா சரியாயிடும்" என்று அக்கா சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். அழுகையும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டுக்கொண்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னமோபோல இருக்குமே, அவளுக்கு நாள் முழுவதும் அப்படித்தான் இருந்தது. மகளுக்குச் சோறு போட்டாள், சடை பின்னினாள், வீட்டுப்பாடம் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. 'வா', 'சாப்பிடு', 'படு' என்று மூன்றே வார்த்தையில் குடித்தனம் ஓடியது. மகளும் மெல்ல மெல்ல மடியில் வந்து விழுவதை விட்டுவிட்டாள்.

அந்த மகள்தான் இப்போது சாயங்காலமானால் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். முகத்தில் வியர்வை, தலையில் எலுமிச்சை இலை. "இன்னைக்கும் உன்னக் கண்டுபிடிக்க முடியலம்மா. நாளைக்குக் கண்டிப்பாப் பிடிச்சுடுவேன்." அம்மா தன்னோடு ஒளிந்து விளையாடுகிறாள் என்று அவள் நினைத்திருந்தாள். அதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தவள் 'அது நான் இல்லை' என்று சொல்ல வாயெடுத்தாள், அசதியாக இருந்தது, சொல்லவில்லை.

ஆனால் கண்டக்டரிடம் போய்க் கேட்டாள்.

"என் குழந்தையக் கூப்பிட கிளிக்கு ஏன் சார் கத்துக்குடுக்கறீங்க?"

அவர் சுவருக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வாளியை வைத்துவிட்டுக் கருவியைத் தொண்டையில் அழுத்தினார்.

"எனக்கு ஏதும்மா அந்தக் குரல்?"

கிளி அவர் தோளில் உட்கார்ந்து அவளையே பார்த்தது. "பாப்பா" என்றது, அவளுடைய குரலில், கடைசியில் ஒரு சிரிப்பைச் சேர்த்து இழுத்து.

வீட்டுக்குள் வந்து மெஷினில் உட்கார்ந்த பிறகுதான் அது உறைத்தது. அந்தச் சிரிப்பு. கணவன் இருந்தபோது அப்படித்தான் கூப்பிடுவாள். அவன் போன பிறகு ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. இந்த வீட்டுக்குக் குடி வந்ததே அவன் போன பிறகுதான். இந்தச் சுவரும் மரமும் கண்டக்டரும் கிளியும் அந்தக் கூப்பாட்டைக் கேட்டிருக்கவே முடியாது.

கை தானாகத் தைத்துக்கொண்டே போனது. தையல் கோணி, துணியை விட்டு வெளியே ஓடிக்கொண்டிருந்ததை வெகுநேரம் கழித்துத்தான் பார்த்தாள்.

மறுநாள் வீட்டு ஓனருக்கு போன் செய்தாள். இரண்டு வீடும் அவருடையதுதான். "கிளியா? நான் நாய்த் தொல்லைன்னு நெனச்சேன்மா" என்று சிரித்தார். பித்தான்களைப் பற்றிச் சொன்னாள். வாடிக்கைக்காரர்கள் திட்டுவதைச் சொன்னாள். குரலைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் தன் காதுக்கே பைத்தியக்காரத்தனமாகக் கேட்கும். "சரி, நான் பேசிக்கறேன்" என்றார் ஓனர். அவர் வாக்குத் தவறாதவர். இரண்டு நாளில் கிளியைக் கண்டக்டர் தன் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்.

விட்டுவிட்டு வந்த அன்று மத்தியானம் சுவரருகில் நின்று கையைத் தட்டிக் கூப்பிட்டார். கூப்பிட அவருக்கு அது ஒன்றுதான் வழி. தீப்பெட்டியை நீட்டினார்.

"இருந்த பித்தான் எல்லாம் இதுல இருக்கும்மா."

"சரிங்க சார்."

அவர் போகவில்லை. அவளைத் தாண்டி எலுமிச்சை மரத்தைப் பார்த்தார். கருவியைத் தொண்டைக்குக் கொண்டுபோய், எடுத்து, மறுபடி கொண்டுபோனார்.

"நீதான் கூப்பிடறேன்னு நெனச்சேன். ஒரு நாள் பாத்தேன். நீ ஜன்னல்ல உக்காந்து தைக்கற. வாய்ல ஊசி. குரல் மரத்தடியில கேக்குது. பாப்பா அதப் பாத்துப் போகுது."

அவள் தீப்பெட்டியை உள்ளங்கையில் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"போகாதன்னு சொன்னேன். என் சத்தம் இந்தச் சுவரத் தாண்டல. அதான் கிளிக்குக் கத்துக்குடுத்தேன். அந்தக் குரல் கேட்டா, கிளி உடனே சொல்லும். பாப்பாவும் நின்னுடும்." கருவி கரகரத்து நின்றது. "பின்கதவப் பூட்டியே வையிம்மா."

"சரிங்க சார்" என்றாள் மறுபடியும். பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. அது எங்கோ தெருக்கோடியில் யாரோ கதவைத் தட்டுவதுபோலக் கேட்டது. தன் வீட்டுக் கதவாகத் தோன்றவில்லை. மகளைக் கூப்பிட்டு, "இனிமே தோட்டத்துக்குப் போகாத" என்றாள். "அப்ப நீ எங்க ஒளிஞ்சுக்குவ?" என்று கேட்டாள் மகள். அவள் தீப்பெட்டியை மகளிடம் கொடுத்துவிட்டு மெஷினுக்குப் போனாள்.

பொழுது சாயும்போது பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள். கீழ்த் தாழ்ப்பாள். பிறகு மகளின் கைக்கு எட்டாத மேல் தாழ்ப்பாள். இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. விளக்கைப் போட்டாள். கூடத்துத் தரையில் மகள் பித்தான்களைக் கொட்டி நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒன்றன்மேல் ஒன்று விழும் சின்னச் சத்தம் தையலறை வரை வந்தது. ஊசிகளை உதட்டில் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தச் சத்தம் கேட்கும்வரை கவலையில்லை என்று தைத்தாள்.

டக். டக். டக்.

கிளி இல்லாத தோட்டம் இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. யாரும் யாரையும் இறக்கிவிடவில்லை. ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. கசக்கிய எலுமிச்சை இலை வாசனை. காற்று நின்ற பிறகும் வாசனை நின்றது. யாரோ கையில் கசக்கிக்கொண்டு ஜன்னலோரம் வந்து நிற்பதுபோல.

"பாப்பா... வா பாப்பா."

அவள் கால் மெஷின் மிதியில் நின்றது. சுவரிலிருந்து 'போகாத' என்று வர வேண்டிய நேரம். காத்திருந்தாள்.

வரவில்லை.

பித்தான் சத்தம் நின்றிருந்தது.

எழுந்தாள். கால்கள் யாருடையவோபோல நடந்தன. கூடத்தில் பித்தான்கள். சிவப்பு ஒரு குவியல். வெள்ளை ஒரு குவியல். மகள் இல்லை.

பின்கதவு திறந்திருந்தது. மேல் தாழ்ப்பாளும்.

வாசற்படியில் போய் நின்றாள். வீட்டு வெளிச்சம் கொடிவரை போய் நின்றுவிட்டது. அதற்கப்பால் மகளின் முதுகு. மரத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். ஓடவில்லை. பெரியவர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் குழந்தைபோல, ஒரு கை மேலே தூக்கியிருந்தது. விரல்கள் எதையோ பற்றியிருந்தன. அந்தக் கைக்கு மேலே ஒன்றுமில்லை. இருட்டுதான்.

சுவருக்கு அந்தப் பக்கம் கண்டக்டர் வந்திருந்தார். கருவி தொண்டையில் இருந்தது. கரகரப்பு அவளுக்கே எட்டவில்லை.

கூப்பிட வேண்டும். வாய் திறந்தாள். ஊசிகள் நாக்கில் குத்தின. ஒரு வருஷத்தில் முதன்முறையாக அவளுக்கு வலித்தது. வலித்ததும் எல்லாம் ஒன்றாக வந்தது. பயம். அழுகை. என் பிள்ளை. என் பிள்ளை எனக்கு வேண்டும். ரத்தத்தோடு ஊசிகளைத் துப்பிவிட்டுக் கூப்பிட்டாள்.

"பாப்பா."

வந்தது வேறு ஏதோ. வறண்டு, ஏற்ற இறக்கமில்லாமல், கரகரவென்று. அந்தச் சிரிப்பு அதில் இல்லை. தேடிப் பார்த்தாள். எங்கேயும் இல்லை.

"போகாத" என்றாள். "போகாத. போகாத."

மகள் நின்றாள். திரும்பி வாசற்படியைப் பார்த்தாள். தெருவில் போகும் யாரையோ பார்ப்பதுபோல, அறிமுகமில்லாமல், கொஞ்சம் மிரண்டு பார்த்தாள். பிறகு பிடித்திருந்த கையை இன்னும் இறுக்கிக்கொண்டு, இருட்டை அண்ணாந்து கேட்டாள்.

"அது யாரும்மா?"

"யாருமில்ல, பாப்பா" என்றது அவள் குரல், கடைசியில் ஒரு சிரிப்பைச் சேர்த்து இழுத்து. எலுமிச்சைக் கிளைகள் தாழ்ந்து இருவருக்கும் வழி விட்டன.