இமைக்குப் பின்னால் கிடந்தவர்

முகம் கழுவக் கண்ணை மூடியதும், சோப்பு நுரைக்கு அந்தப் பக்கம் ஒருவர் கிடப்பது தெரிந்தது. யோகேஸ்வரி கண்ணைத் திறந்தாள். ராஜபாளையத்து வீட்டுக் குளியலறை, வாளி, காலை வெயில். மூடினாள். தார்ச்சாலை ஓரம், இடுப்புக்குக் கீழே நசுங்கிய உடம்பு, டீசலும் ரத்தமும் கலந்த வாடை. முதலில் அவளுக்கு வந்தது பயமல்ல, வெட்கங்கெட்ட சந்தோஷம்.

நாலு வருடமாக அவள் பதிப்பித்து வருவது ஒரு பாலி மொழி ஏடு. பௌத்தத் துறவிகள் பிணத்தைப் பார்த்துத் தியானம் செய்யும் முறையைச் சொல்வது. காற்றுக்கு எதிரே நிற்காதே. பக்கத்துக் கல்லையும் மரத்தையும் குறித்துக்கொள். கண் திறந்து பார், மூடிப் பார். மூடினாலும் அப்படியே தெரிந்தால் உருவம் மனதில் பிடிபட்டுவிட்டது. இது நடக்கிற காரியமா, வெறும் ஏட்டுச் சுரைக்காயா என்று தெரியாமல் அவளுடைய கடைசி அத்தியாயம் பாதியில் நின்றது.

நேற்றுக் காலை செண்பகத்தோப்புச் சாலையில் ஒரு லாரி அந்த மனிதரை அடித்துவிட்டு நிற்காமல் போனது. ஸ்கூட்டரை நிறுத்தியவள் கையில் போன் இருந்தது. செத்துவிட்டார் என்றே நினைத்தாள். காற்றுப் பார்த்து நின்று, ஒரு புளியமரத்தைக் குறித்துக்கொண்டாள். பார்த்தாள், மூடினாள், பார்த்தாள். ஆறாவது முறை அவர் உதடு அசைந்தது.

"தாயி... போன் போடு தாயி."

இன்னும் ஒரே ஒரு தடவை என்று கண்ணை மூடினாள். திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இன்று பத்து மணிக்கு அவள் இமைத்தபோது அவர் கையூன்றித் தலையைத் தூக்கியிருந்தார். பதினொன்றுக்கு இமைக்குள் சாலை இல்லை. அவளுடைய வீட்டுக் கூடம் இருந்தது, டைல்ஸில் எலும்பு உரச அவர் ஊர்ந்து வந்துகொண்டிருந்தார். பிணம் எழுந்து துரத்தாது, துரத்தினால் அது உன் மனமே, ஓடாதே என்கிறது ஏடு. எத்தனை மாணவர்களுக்கு நடத்திய வரி! ஆனால் அது பிணத்தைப் பற்றிச் சொன்னது. அவள் பார்த்தபோது அவர் பிணமாக இல்லை.

மதியம் மில்லிலிருந்து சாப்பிட வந்த கணவன் சமுத்திரம் திகைத்து நின்றான்.

"ஏட்டி, கண்ணு ஏன் இப்பிடிச் செவந்து கெடக்கு?"

"என்னங்க, நேத்து லாரி அடிச்சுக் கெடந்தாருன்னு சொன்னேன்ல, அவருக்கு அப்ப உசிரு இருந்துச்சு. தாயின்னு கூப்பிட்டாரு. நான் போன் போடலை."

"பொறவு அம்புட்டு நேரம் அங்கன என்ன செஞ்ச?"

"பாத்துக்கிட்டு நின்னேன்."

அவன் முகம் வெளுத்துப்போனது. "செத்த நேரம் இரு, ஆட்டோ கூட்டிட்டு வாரேன். ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

கதவைச் சாத்திவிட்டுப் போனான்.

இமைத்தாள். கணுக்காலில் ஈரமான விரல்கள். திறந்தாள். யாருமில்லை. கணுக்காலில் ஐந்து நீலத் தடம்.

இமைத்தாள். மார்பில் கனம். டீசல் வாடை.

கண் எரிந்தது. இமைக்காமல் எவ்வளவு நேரம் தாங்கும்? வாஷ்பேசின் கண்ணாடிக்குக் கீழே கணவனின் மீசைக் கத்தரி. இடது இமையை நகத்தால் இழுத்துப் பிடித்தாள். வெட்டினாள். அலறினாள். கை நிற்கவில்லை. வலது. வெங்காயச் சருகு மாதிரி இரண்டு துண்டு வாஷ்பேசினில் ஒட்டின.

இனி மூடாது. சிரித்தாள்.

ரத்தம் இறங்கியது. துடைத்தாள். மறுபடி இறங்கியது. இரண்டு கண்ணையும் ரத்தம் மூடியது.

சிவப்புக்குள் அவர் மூக்கோடு மூக்காக இருந்தார். செத்தவர்களின் கண்ணை மூடிவிடுவதுபோல, மெதுவாக, அவருடைய கட்டைவிரல்கள் அவள் கண்களின் மேல் இறங்கின. இமையைத் தேடின. இல்லை.

அழுத்தின.