முதுகு பார்த்த மருத்துவச்சி

மாசி மாதத்து முழுநிலா வெள்ளாற்றின் கீழ்க்கரையில் எழுந்தபோது, மேற்கே அந்தி வெயில் இன்னும் அணைந்திருக்கவில்லை. இரண்டு ஒளியும் கலந்து விழுந்த மணற்பரப்பில், காலையில் ஆர்ப்பரித்துப் புறப்பட்ட வீரர்களில் எழுபது பேர் வரிசையாகக் கிடந்தார்கள். அந்த வரிசையினூடே குனிந்தும் நிமிர்ந்தும் நடக்கும் பெண்ணை, அன்பு வாசகர்களே, சற்றுக் கவனியுங்கள். படையின் மருத்துவச்சி சேந்தி அவள். கூக்குரலிடுகிறவர்களை விட்டுவிட்டு, வாய் திறவாமல் கிடப்பவர்களிடமே முதலில் போகிறாள். கத்துகிறவனுக்கு மூச்சு இருக்கிறது, அவன் சற்றுக் காத்திருப்பான் என்பது அவள் எண்ணம்.

இன்னொன்றும் செய்வாள். ஒவ்வொருவனையும் புரட்டி முதுகைப் பார்ப்பாள். அந்நாட்டு வீரனுக்கு முதுகுப் புண்ணைப் போன்ற இழிவு வேறில்லை. மல்லாந்து கிடப்பவனைப் புரட்டுவது அவன் வீரத்தையே சந்தேகிப்பதாகும் என்று மற்ற மருத்துவர்கள் தொடவே மாட்டார்கள்.

சேந்தியும் ஒருகாலத்தில் அப்படித்தான் இருந்தாள். மூன்றாண்டுகளுக்கு முன் அவள் கணவன் காரி, மார்பில் ஒரு கீறல்கூட இல்லாமல், இதே கரையில் மல்லாந்து கிடந்தான். ஒன்றுமில்லை என்றான்; நம்பினாள். உயிர் போன பிறகே அவனுக்கடியில் மணல் சிவந்திருந்ததைக் கண்டாள். அப்போதும் வெட்கம் தடுக்க, புரட்டாமலேயே எரியூட்டினாள். காரி புறமுதுகிட்டு ஓடினானா என்ற கேள்வி அன்று முதல் அவளைப் பேயாகப் பிடித்து ஆட்டியது.

வரிசையின் கடைசியில் பொற்சாத்தன் என்னும் குதிரை வீரன் கிடந்தான். நெற்றியில் குளிர்ந்த வியர்வை, உதடுகள் வெளுத்திருந்தன, நாடி மெலிந்து விரைந்தது. முன்புறம் புண்ணே இல்லை. புரட்டப் போன அவள் கையை அவன் பற்றிக்கொண்டான்.

"வேண்டாம், அம்மணி. மானத்தோடு போகிறேன்."

"என் கணவரை அப்படித்தான் போகவிட்டேன். மறுபடியும் அந்தப் பாவத்தைச் செய்ய மாட்டேன்."

அவன் கை தளர்ந்தது. புரட்டினாள். தோளுக்குக் கீழே ஓர் அம்பு புதைந்து முறிந்திருந்தது. பிடுங்கினால் குருதி பீறிட்டு உயிரும் போய்விடும். ஆகையால் அதை அசைக்காமல் சுற்றிலும் துணி திணித்து, இறுக அழுத்திக் கட்டினாள். முறிந்த வால்துண்டு கச்சையில் சிக்கியிருந்தது. அதில் செவ்வரக்கு வளையம். சேனைத்தலைவர் வயிராவணரின் மெய்க்காவலர் அம்புகளுக்கு மட்டுமே உரிய அடையாளம் அது.

தலைவர் பகைவரோடு கூடிவிட்டார் என்றும், அதை அரசருக்கு அறிவிக்கும் ஓலை தன் கச்சையில் இருக்கிறது என்றும் பொற்சாத்தன் திணறித் திணறிச் சொன்னான். காரியும் அன்று அரசருக்கு ஓலை கொண்டு புறப்பட்டவன்தான். அந்த ஓலை பிறகு அகப்படவேயில்லை.

குளம்பொலி கேட்டது. வயிராவணரே பரிவாரத்துடன் வந்துகொண்டிருந்தார். அம்பு அழுந்தாதபடி சேந்தி முதுகுக்கு வைக்கோலை முட்டுக் கொடுத்து அவனை மல்லாத்தினாள். மூச்சடக்கச் சொல்லி முகம் வரை துணியால் மூடினாள்.

இவன் என்ன ஆனான் என்று தலைவர் வினவினார்.

"மாண்டார், பிரபு. மார்பில் விழுப்புண்" என்றாள் சேந்தி, சுற்றி நின்ற வீரர் அனைவருக்கும் கேட்கும்படி. "வழக்கப்படி அரசர் மாலை சூட்ட, உடலை ஓடத்தில் தலைநகருக்கு அனுப்ப வேண்டுமல்லவா?"

வயிராவணரின் முகம் கறுத்தது. பொய் என்று அவருக்குத் தெரியும். ஆனால் புண் முதுகில்தான் என்று எப்படிச் சொல்வார்? வீரனின் உடலைப் புரட்டச் சொல்லவும் வாய் வரவில்லை. தலையசைத்துவிட்டுக் குதிரையைத் திருப்பினார்.

உடலோடு சேந்தியும் ஏறிய ஓடம் ஆற்றின் வளைவைக் கடந்தது. துணிக்கடியில் விரல் வைத்துப் பார்த்தாள், மூச்சு இருந்தது. கரையில், நிலவொளியில், காரி நிற்பதாகவே அவளுக்குத் தோன்றியது.

"நீர் ஓடவில்லை. இத்தனை நாளும் உம்மைச் சந்தேகித்தேன்" என்றாள். "இந்த முதுகை அரசர் முன் காட்டுவேன். உமது முதுகையும் சேர்த்துத்தான். இது உம்மீது ஆணை."